இடது மாங்காய், வலது மாங்காய்

நான் மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் உழைத்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஜவ்வாது மலையில் ஒருத்தரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. அங்கே நான் இன்றைக்கும் லைன்மேன் காசிதான். மலைக்கு மும்முனை மின்சாரம் இழுத்த காலத்தில் நான் ஏறிய கம்பங்களை ஒன்றின் தலையில் ஒன்றாக நட்டால் நிலாவுக்குப் போய், ஒரு டீ குடித்துவிட்டு, பாதி வழி திரும்பியும் வந்துவிடலாம். என் மனைவி சசிகலா இதைக் கேட்டால், "நாப்பது கம்பம் ஏறியிருப்பாரு. அதுல முப்பதுல வேற ஆள ஏத்திவுட்டு கீழ நின்னு கை காட்டியிருப்பாரு" என்பாள். அவள் திருப்பத்தூரில் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்வது. கம்பத்தடியில் வந்து நின்று பார்த்தவளா அவள்?

ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்புகிறார்கள். என் பெயரே காசி என்பதால் பாதி யாத்திரை முடிந்துவிட்டது. நான் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டேன். அதில் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு முகம் மறந்துபோகும், மோட்டார் மறக்காது; அதனால் எல்லோரையும் குதிரைத்திறனோடுதான் பதிந்து வைத்திருக்கிறேன். செங்கத்தில் மரம் அறுப்பவர் பத்து எச்.பி. படவேட்டில் கல்யாண மண்டபம் நடத்தும் ரேணுகாதேவி பதினைந்து எச்.பி., ஜெனரேட்டர் தனி. வாணியம்பாடி இக்பால் ஏழரை. பாவம், நல்ல மனுஷர், மோட்டார் அளவு அப்படி அமைந்துவிட்டது.

அந்த வரிசையில் ஆகச் சின்ன ஆள் 'செந்தாமரை ரெண்டு எச்.பி.' ஜமுனாமரத்தூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, ஒரு தகரக் கொட்டகையில் சாமை மாவு பிஸ்கட் போடுகிறவள். மாவு பிசையும் இயந்திரத்துக்கு இணைப்பு கொடுத்தது நான்தான். அவளோடு பதினொரு பெண்கள் வேலை செய்கிறார்கள். சாமை மாவு, நாட்டுச் சர்க்கரை, நெய், மேலே கொஞ்சம் எள். அடுப்பிலிருந்து தட்டை வெளியே இழுத்தால் அந்த வாசனை மலை இறங்கிப் படவேடு வரைக்கும் போகும். கோயிலுக்கு வந்தவர்கள் பிரசாதம் எங்கே கொடுக்கிறார்கள் என்று வரிசை தேடுவார்கள். எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதனால் தரம் பார்ப்பதற்காக மட்டும் எட்டு பிஸ்கட் சாப்பிடுவேன்.

ருசியில் குறை இல்லை. உருவத்தில்தான். டிபன்பாக்ஸ் மூடி, டம்ளர் வாய், கைக்குக் கிடைத்த எதை வைத்தாவது வெட்டுவார்கள். சாமை மாவுக்குக் கோதுமையின் பசை கிடையாது. மழுங்கிய மூடியை வைத்து அழுத்தினால் ஓரமெல்லாம் பிய்ந்துபோகும். ஒன்று வட்டமாக வந்தால் அடுத்தது கிரகணம் பிடித்த வட்டமாக வரும்.

கார்த்திகை பிறந்த வாரம் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாணியம்பாடிக்குப் போய் வக்கார் பாயைப் பார்த்தேன். அவருக்கு வாணியம்பாடி, ஆலங்காயம், திருப்பத்தூர் என்று ஒன்பது டீக்கடைகள். ஒன்பதிலும் மீட்டர் மாட்டியபோது நான் நின்றிருக்கிறேன். ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ருசி ஃபர்ஸ்ட் கிளாஸ் காசிண்ணா. ஆனா இது இன்னா இது? ஒண்ணு அப்பளம் மாதிரி கீது, ஒண்ணு அர நெல்லிக்கா மாதிரி கீது. கண்ணாடி ஜாடில போட்டா எலி கடிச்சதும் கடிக்காததும் கலந்து வச்சிக்கிறான்னு சொல்வானுங்க."

"நாக்குக்கு இன்னா பாய், கண்ணா கீது?"

"நாக்குக்கு முன்னாடி கண்ணுதாண்ணா துன்னுது."

கல்லாப்பெட்டி மேலிருந்த காகிதத்தில் அவரே ஒரு படம் போட்டார். பட்டுப்புடவைக் கரையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்குமே, அந்த மாங்காய். "வேற எந்தக் கட ஜாடிலயும் இந்த டிசைன் கெடையாது. எல்லாம் ஒரே அளவு, ஒரே அச்சு. வர்ற சனிக்கெழம நானே மலைக்கு வர்றேன். சரியா இருந்தா ஒம்போது கடைக்கும் தெனம் சரக்கு."

படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே மலை ஏறினேன். செந்தாமரை அதை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தாள்.

"ஒம்போது கடைக்கு தெனம்னா பன்னெண்டு கையும் ஓயாம வெட்டணும் லைன்மேன் சார்."

"லைன் இன்ஸ்பெக்டர்."

"அதான் சார். பன்னெண்டு பேருக்கும் வேல. திங்கக்கெழம ஒருத்தியும் வண்டி ஏற மாட்டா."

வண்டி என்றால் மேஸ்திரியின் வேன். ஒவ்வொரு வருடமும் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்குக் குடகு எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போக வரும். போனால் மூன்று மாதம். வேனைத் தவறவிட்டால் அந்தப் பருவத்துக்கு வேலை இல்லை. மேஸ்திரி இரண்டாம் முறை வருவதில்லை. அந்தப் பதினொரு பேரில் சத்தமாகச் சிரிக்கிறவள் முத்தம்மா. போன வருடம் அவளுடைய கடைசிப் பெண் வயதுக்கு வந்தபோது அவள் குடகில் மழையில் நின்றுகொண்டிருந்தாள். மகளுக்குத் தாய்மாமன் மாலை போட்டதைச் செல்போனில் பார்த்தாள். பாதியில் சிக்னல் போய்விட்டது. செந்தாமரை கொட்டகை போட்டதே அந்த வண்டி காலியாகத் திரும்புகிற ஒரு நாளைப் பார்ப்பதற்காகத்தான். வக்கார் பாயின் ஆர்டர் கிடைத்தால் அந்த நாள் இந்தத் திங்கட்கிழமை. கிடைக்காவிட்டால் கொட்டகையில் அவளும் மாவு பிசையும் இயந்திரமும் மட்டும்.

"அச்சுக்கு எங்க சார் போறது? சென்னைக்கா?"

"சென்னையா? நம்ம கிட்ட ஏழரை இருக்கார்மா."

இக்பால் பாய் பிஸ்கட்டுக்கு ஏழு கடல் தள்ளி நின்று தொழில் செய்பவர். ஷூவுக்கான தோலைத் துண்டு துண்டாக வெட்டும் எஃகு அச்சு செய்கிறார். அதை வாணியம்பாடியில் 'டை' என்பார்கள். எஃகுப் பட்டையை உருவத்துக்கு வளைத்து, முனையைப் பற்றவைத்து, அடி விளிம்பைப் பிளேடு போலத் தீட்டினால் டை. தோலின் மேல் வைத்து ஓங்கி ஒரு அடி; துண்டு கச்சிதமாக வந்துவிடும். ஏழெட்டு வருடம் முன்பு, நோன்பு நாளில், கப்பலுக்குச் சரக்கு போக வேண்டிய அவசரத்தில் அவர் தெருவில் மின்சாரம் போய்விட்டது. நான் மழையில் ஏறிச் சரிசெய்தேன். அன்றைய மழையில் பாலாறு கரை புரண்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பாலாற்றில் தண்ணீர் வந்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் என் சட்டை நனைந்தது சத்தியம். இறங்கியதும் அவர் கையாலேயே ஒரு சொம்பு நோன்புக் கஞ்சி கொடுத்தார். அன்றிலிருந்து பெருநாள் பிரியாணி என் வீட்டுக்கு வாளியில் வருகிறது, சசிகலா அதைப் பற்றி மட்டும் எந்தக் குறையும் சொன்னதில்லை.

மாங்காய்ப் படத்தை இக்பால் பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பிஸ்கட்டுக்கா? அரே காசிண்ணா, இருவத்திரெண்டு வருஷமா காலுக்குத்தான் செஞ்சிக்கினு கீறேன். வாய்க்கு இப்பதான் ஒரு ஆளு கேக்குறான்."

"முடியுமா, முடியாதா?"

"முடியுமாவா? ஆனா நம்ம வழக்கமான இரும்பு ஆவாது, துரு புடிக்கும். துன்ற பொருளு. எவர்சில்வர் பட்ட வேணும். எவனோ சாம்பிளுக்கு குடுத்த ஒரு சுருள் கீது. எத்தினி வேணும்?"

"பன்னெண்டு. வியாழக்கெழமைக்குள்ள."

"சரியா பன்னெண்டுதான் வரும். அதுக்கு மேல வேணும்னா சென்னைலருந்து பட்ட வர பத்து நாளு."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஜாஹிதா எட்டிப் பார்த்தார். "மக கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் கூட இல்ல. பந்தல்காரன் வரல, தையல்காரன் வரல. இவரு மாங்கா வளைக்கப் போறாராம்! ண்ணா, நீங்க அண்ணிய கூட்டிக்கினு முந்தின நாளே வந்துடணும், சொல்லிட்டேன்." அவர்கள் மகள் ஃபிஜாவின் நிக்காஹ் பத்திரிகை அப்படித்தான் என் கைக்கு வந்தது, திட்டோடு.

சொன்னபடி வியாழக்கிழமை பன்னிரண்டு டையும் தயார். ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, கோணியில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். நான் பிரித்துப் பார்க்கவில்லை. முப்பத்தாறு வருட அனுபவசாலி. கோணியைத் தூக்கிப் பார்த்து எடையிலேயே திருப்தி அடைந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மேசை நீளத்துக்கு மாவைத் தேய்த்துப் பரப்பினார்கள். ஆளுக்கு ஒரு டை, ஆளுக்கு ஒரு மரச்சுத்தி. செந்தாமரை தலையசைத்ததும் பன்னிரண்டு சுத்தியும் இறங்கின. டொக் டொக்கென்று அது ஒரு தாளத்தில் சேர்ந்துகொள்ள, ஊரில் பாதிப்பேர் மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று எண்ணித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். தட்டு உள்ளே போனது. வெளியே வந்தது. அடடா! ஷூ தோலை வெட்டுகிற கூர்மை சாமை மாவுக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும்? ஓரம் ஒரு பிசிறு இல்லை. ஒரு மாங்காயைக் கொண்டு நான் முகச்சவரம் செய்துகொண்டிருக்கலாம்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது முத்தம்மா தட்டின் மேல் குனிந்தாள்.

"ஏண்டி செந்தாமர, என் மாங்கா ஒன் மாங்காவ மொறைக்குது?"

பார்த்தோம். செந்தாமரையின் மாங்காய்கள் இடது பக்கம் தலை சாய்த்திருந்தன. முத்தம்மாவின் மாங்காய்கள் வலது பக்கம். டைகளை வரிசையாக வைத்தோம். ஆறு இப்படி, ஆறு அப்படி. செல்லியம்மாள் என்கிற பெண் சுடாத மாங்காய் ஒன்றைப் புரட்டினாள், பிய்ந்துபோனது; சுட்ட பிஸ்கட் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். திசை சரியாக வந்தது, ஆனால் எள் அடியில் போய், தட்டில் பட்டுக் கறுத்த முதுகு மேலே வந்துவிட்டது.

இக்பால் பாயைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு பேரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாய், பன்னெண்டு கேட்டேனே?"

"பன்னெண்டுதானேண்ணா குடுத்தேன். ஆறு லெஃப்ட்டு, ஆறு ரைட்டு."

"மாங்காய்க்கு இன்னா பாய் லெஃப்ட்டு ரைட்டு?"

அந்தப் பக்கம் அவர் படத்தைத் தேடிப் பிரிக்கிற சத்தம் வந்தது. பிறகு மெல்ல, "யா அல்லா" என்று கேட்டது.

"காசிண்ணா, இருவத்திரெண்டு வருஷத்துல ஒருத்தனும் எங்கிட்ட ஒத்தக் காலுக்கு டை கேட்டதில்ல. படத்த பாத்து ஆறு வளைச்சேன். மிச்ச ஆற கை தன்னால அந்தப் பக்கம் வளைச்சிடுச்சி. எனக்கே தெரியல."

முத்தம்மா போனை நோக்கிக் கத்தினாள். "பாய்! பிஸ்கட்டு நடக்காது பாய்! துன்னத்தான் போறாங்க!"

கொட்டகை அதிர்ந்தது. செந்தாமரை மட்டும் சிரிக்கவில்லை. பட்டை வர பத்து நாள். வக்கார் பாய் நாளைக்கு. வண்டி திங்கட்கிழமை.

சனிக்கிழமை வக்கார் பாயின் காரில் அவரோடு இக்பால் பாயும் ஜாஹிதாவும் வந்து இறங்கினார்கள். இக்பால் பாய் குற்றம் செய்த பிள்ளை மாதிரி கடைசியாக இறங்கினார். ஜாஹிதா, பந்தல்காரன் தொல்லையிலிருந்து ஒரு நாள் தப்பித்தால் போதும் என்று கிளம்பி வந்தவர், குளிருக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

வக்கார் பாய் ஓரத்தைத் தடவினார். "மாஷா அல்லா, இன்னா ஃபினிஷிங்கு!" என்றார். அடுத்த தட்டைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. நடந்ததைச் சொன்னோம். அவர் சிரித்தார்தான், ஆனால் வியாபாரி சிரித்து முடித்ததும் வியாபாரிதானே.

"ஜாடில ஒண்ணு இப்டி பாத்து, ஒண்ணு அப்டி பாத்தா, சண்ட போட்ட சம்பந்திங்க மாதிரி இருக்கும். எடது மட்டும் குடும்மா. ஆறு டைல எவ்ளோ வருதோ அவ்ளோ. நாலு கடைக்குப் போடலாம். மிச்சத்த அப்புறம் பாக்கலாம்."

ஆறு டை என்றால் ஆறு பேருக்கு வேலை. ஒரு டையை இருவர் மாற்றி மாற்றி அடிக்கலாமே என்றேன். "ஆளுக்கு வேலையும் கூலியும் பாதியாவும், சரக்கு ஏறாது சார்" என்றாள் செந்தாமரை. பிசைந்த மாவு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்காது, காய்ந்து வெடித்துவிடும். அவளையும் சேர்த்து ஆறு பேர் இருக்கலாம். மற்ற ஆறு பேர் திங்கட்கிழமை வண்டியில் ஏற வேண்டும்.

 முத்தம்மா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் போறேன். அந்த எஸ்டேட்டு அட்டப்பூச்சிங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்கதான். போகலன்னா தேடும்" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள், சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது.

செந்தாமரை சுத்தியைக் கீழே வைத்தாள். "ஆறு பேர பிரிச்சி எடுக்க என்னால ஆவாது சார். நீங்க சொல்லுங்க, எந்த ஆறு பேரு?"

நாலாயிரம் பேரின் எண் வைத்திருக்கும் எனக்கு வாய் திறக்கவில்லை. இது ஒரு சரித்திர நிகழ்ச்சி. சசிகலா நேரில் இருந்திருந்தால் தேதி குறித்து வைத்திருப்பாள்.

அப்போது அடுப்புப் பக்கத்திலிருந்து ஜாஹிதாவின் குரல் வந்தது.

"இங்க கொஞ்சம் பாருங்களேன்."

அவர் மடியில் ஒரு தட்டு. தட்டில் ஒரு இடது மாங்காயும் ஒரு வலது மாங்காயும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தார். தலைகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருந்தன. கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் இரண்டு பேர் ரகசியம் பேசுகிற மாதிரி.

"இது மாப்ள. இது பொண்ணு."

"அரே ஜாஹிதா, நீ சும்மா இரு" என்றார் இக்பால் பாய்.

"நீங்க சும்மா இருங்க. இருவத்திரெண்டு வருஷமா ஜோடி ஜோடியா செஞ்சீங்க. எல்லாத்தையும் ஊரு ஜனம் சேத்துல மிதிச்சிது. இப்பதான் ஒரு ஜோடி வெளங்குற மாதிரி செஞ்சிருக்கீங்க." செந்தாமரையிடம் திரும்பினார். "நிக்காஹ் முடிஞ்சதும் எல்லாருக்கும் கல்கண்டும் பேரீச்சம்பழமும் பொட்டலம் குடுப்போம்மா. எல்லா வூட்லயும் அதேதான். என் மக கல்யாணத்துல அதோட இந்த ஜோடியும் போவும். ஆயிரத்து நானூறு பொட்டலம். முடியுமா?"

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. செந்தாமரை உடனே பூரித்துவிடவில்லை. அவள்மேல் எனக்குள்ள மரியாதையே அதற்காகத்தான்.

"முடியும்க்கா. ஆனா அது ஒரு கல்யாணம். பத்து நாள் வேல. மேஸ்திரி வண்டி போன பிறகு அந்த ஆறு பேருக்கு நான் இன்னா சொல்றது?"

ஜாஹிதா யோசித்தார். "வாணியம்பாடில கல்யாணம் வச்சிருக்குற அம்மாங்க எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்புல கீறோம். சமையக்காரன், தையக்காரன், மருதாணி போடுறவ, எல்லாம் அதுலதான் கேட்டுக்குவோம். இங்க சிக்னல் எங்க கெடைக்கும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் அரசாங்கம் எனக்கு முப்பத்தாறு வருடம் சம்பளம் கொடுத்திருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த மேடு. கொட்டகையில் பேச்சு மட்டும் போகும்; படம் போக அங்கே ஏறினால்தான் செல்போனுக்கு உயிர் வரும். தட்டை ஏந்தி முன்னால் செந்தாமரை, துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஜாஹிதா, பின்னால் பதினொரு பெண்கள், அதற்குப் பின்னால் துண்டு போட்ட ஊர். சீர்வரிசை ஊர்வலம் போல மேடு ஏறினோம். ஜாஹிதா ஜோடி மாங்காயைப் படம் எடுத்து அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு, பாதி உருது, பாதி தமிழ். எனக்குப் புரிந்தது 'சாமை' என்ற ஒரு சொல்லும், 'எங்க வூட்டு கல்யாணத்துல' என்ற பெருமையும்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. படவேட்டு ரேணுகாதேவிக்குப் படத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"இன்னா காசி சாரு, இது மாங்காவா, கிளியா?"

"மாங்காம்மா. தாம்பூலப் பைல போட."

"தேங்காயும் வெத்தலையும் போட்டு போட்டு எனக்கே அலுத்துப் போச்சி. என் மண்டபத்துல தை மாசம் ஒம்போது முகூர்த்தம் கீது. பொண்ணு வூட்டுக்காரங்க கிட்ட நான் சொன்னா கேப்பாங்க. மொதல்ல ரெண்டு பொட்டலம் பஸ்ஸுல குடுத்து வுடு, துன்னு பாத்துட்டு சொல்றேன்."

"துன்னு பாத்தா?"

"நல்லா இருந்தா ஒம்போதுக்கும். நல்லா இல்லன்னா உன்னயும் மண்டபத்துப் பக்கம் பாக்கக் கூடாது."

செந்தாமரை இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சார், ருசி பத்தி பயமில்ல" என்றாள். அன்று அவள் முதல் தடவை சிரித்தது அப்போதுதான்.

இதற்குள் ஜாஹிதாவின் போன் மணியடிக்க ஆரம்பித்திருந்தது. நூற்றுப் பதினேழு பதில்கள் வந்தன; போன் கொதித்ததில் அதன்மேலேயே ஒரு தட்டு பிஸ்கட் சுட்டிருக்கலாம். சரி, பதினேழு. அதில் பூ போட்டதும் கைகூப்பியதும் போக, உறுதியாகக் கேட்டவர்கள் ஆறு பேர். ஆம்பூரில் ஒரு கல்யாணம், பேரணாம்பட்டில் ஒன்று, மற்ற நாலும் வாணியம்பாடி. தை, மாசி இரண்டு மாதத்துக்கும் தேதிகள். செந்தாமரை விரல்களை மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள். முத்தம்மா அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கார் பாய் மேட்டின் அடியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஆறு கல்யாணம் என்று காதில் விழுந்ததும் கை அவிழ்ந்தது.

"ஒரு நிமிஷம். அப்ப இந்த ஜோடி ஊரெல்லாம் கல்யாணத்துல துன்னுவாங்க. மறுநாள் டீக்கடைக்கு வந்து, எங்கடா அந்த ஜோடின்னு கேப்பாங்க. எங்கிட்ட எடது மட்டும் இருந்தா என் மானம் இன்னாவுறது?"

"எடது மட்டும் போதும்னு நீங்கதானே பாய் சொன்னீங்க?" என்றாள் செந்தாமரை, முகத்தில் எதையும் காட்டாமல்.

"அது அர மணி நேரத்துக்கு முன்னாடிம்மா!"

"ஜோடியா எடுத்தா நாலு கட ஆவாது பாய். ஒம்போது கடைக்கும் எடுக்கணும். தெனம். சண்ட போட்ட சம்பந்திங்கன்னு வேற பேசிட்டீங்க. எங்க மாங்காங்களுக்கு மனசு கஷ்டமா கீது."

ஊரே சிரித்தது. வக்கார் பாய் இரண்டு கையையும் தூக்கினார். "ஒம்போது கடைக்கும். தெனம். ஜாடிய நானே ரெண்டு ரெண்டா அடுக்கி வைக்கிறேன், போதுமா?"

இக்பால் பாயின் நிலைமைதான் வேடிக்கை. காலையில் தலை குனிந்து வந்தவர், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அந்தத் தப்பைத் திட்டம் போட்டே செய்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். ஓரத்தின் கோணம் எத்தனை, சாமை மாவுக்கு எந்த அளவு கூர், அடுத்த டையில் பட்டை இன்னும் ஒரு விரற்கடை உயரம் என்று அவரும் செந்தாமரையும் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஓலைப்பெட்டி வடிவம் வருமா என்று அவள் கேட்டாள். அதற்கு இடது வலது உண்டா என்று அவர் கேட்டார். ஷூ ஆர்டர் குறைந்து ஒரு வருடமாகப் பாதி நாள் மூடிக்கிடந்த அவர் பட்டறைக்கு, அடுத்த வாரமே திருப்பத்தூரிலிருந்து ஒரு பேக்கரிக்காரர் மயில் டை கேட்டு வந்தார். அனுப்பியது யார் என்று கேட்காதீர்கள். அந்தப் பேக்கரி என் போனில் இருபது எச்.பி.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் ரேணுகாதேவி இரண்டு பொட்டலத்தையும் காலி செய்துவிட்டு, "இன்னும் ரெண்டு அனுப்பு, சரியா ருசி தெரியல" என்றார். ஒன்பது முகூர்த்தமும் வந்தன.

திங்கட்கிழமை காலை நான் மலையில்தான் இருந்தேன். சசிகலாவிடம் மின்தடை என்று சொல்லியிருந்தேன். ஓய்வு பெற்றவனை மின்தடைக்குக் கூப்பிடுவார்களா என்று அவள் கேட்கவில்லை. ஒரு பொட்டலம் கொண்டுவரச் சொன்னாள்.

ஏழு மணிக்கு மேஸ்திரியின் வேன் ஆலமரத்தடியில் வந்து நின்று ஹாரன் அடித்தது. கொட்டகைக்குள் பன்னிரண்டு சுத்தியும் வேலை செய்துகொண்டிருந்தன. இரண்டாம் முறை அடித்தது. மூன்றாம் முறை அடித்ததா என்று எனக்குத் தெரியாது. டொக் டொக் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. கடைசியில் மேஸ்திரியே இறங்கி வந்து வாசலில் நின்றார். நல்ல மனுஷர்தான், அவர் பிழைப்பு அது.

"இன்னாம்மா முத்தம்மா, யாரும் ஏறலியா?"

முத்தம்மா தலை நிமிரவில்லை. வலது மாங்காயை மாவின் மேல் வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"ஏறலாம்யா. வாணியம்பாடி பொண்ணு கல்யாணத்துக்கு ஆயிரத்து நானூறு ஜோடி கீது, அது முடியட்டும். அப்புறம் பேரணாம்பட்டு. அப்புறம் படவேட்டுல ஒம்போது. நடுவுல தெனம் டீக்கட. ஒரு நாலு வருஷம் கழிச்சி வந்து ஹாரன் அடி, யோசிச்சி சொல்றேன்."

மேஸ்திரி பதினொரு பேரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். ஒருத்தியும் வண்டிப் பக்கம் திரும்பவில்லை. செல்லியம்மாள் இரண்டு மாங்காயை ஒரு இலையில் வைத்து அவர் கையில் கொடுத்தாள். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

வேன் காலியாக மலைப்பாதையில் இறங்குகிற சத்தம் கேட்டது. உள்ளே எடை இல்லாததால் குழிக்குக் குழி துள்ளியது. செந்தாமரை ஒரு கணம் சுத்தியை அப்படியே பிடித்தபடி அதைக் கேட்டாள். பிறகு அடுப்புக் கதவைத் திறந்து, "அடுத்த தட்ட குடுங்கடி, மாவு காயுது" என்றாள்.